சோழர் கப்பல்கள் சிங்கப்பூருக்கு வந்தனவா? நாவலில் எது வரலாறு, எது கற்பனை?

“உங்கள் நாவல் வரிசையின் மூன்றாம் பாகத்தில், இராசேந்திர சோழனின் கப்பல்கள் சிங்கப்பூர் ஆற்று முகத்துக்கு அருகே நங்கூரமிட்டு நன்னீர் எடுத்துச் செல்வதாக ஓர் அத்தியாயம் வருகிறது. அது உண்மையில் நடந்ததா? கப்பற்படைத் தலைவராக வரும் நாங்கூர்க்காரர் வரலாற்றில் இருந்தவரா? தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள், சோழர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சிங்கப்பூருக்கு வந்தார்கள் என்று தமிழ் வகுப்பில் பேசப்போவதாகச் சொல்கிறாள். பேசலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

மூன்று கேள்விகளாகத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். வரலாற்று நாவலில் படித்தவற்றுள் எவற்றை வரலாறு என்று இன்னொருவரிடம், அதிலும் ஒரு குழந்தையிடம், நம்பிக் கொடுக்கலாம் என்பதே அது. விடையை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். இராசேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டையொட்டி மலாக்கா நீரிணையின் இருபுறமும் இருந்த துறைமுகங்களைத் தாக்கியது உறுதி. அந்தப் படை சிங்கப்பூர்த் தீவில் இறங்கியது என்று காட்டும் சான்று ஏதும் இல்லை. அந்த அத்தியாயத்தை ஓர் ஊகத்தின் மேல்தான் எழுப்பியிருக்கிறேன். நாங்கூர்த் தலைவர் என் கற்பனை. உங்கள் மகள் பேசலாம், ஆனால் ஒரு சொற்றொடரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் சொல்லை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை. நான் பல ஆண்டுகளாக இந்த ஒரு காலப்பகுதியைப் பற்றியே எழுதி வருகிறேன். ஆனால் கல்வெட்டறிஞன் அல்லன். கல்லில் உள்ள எழுத்தைப் படியெடுத்து வாசிக்கும் பயிற்சி எனக்குக் கிடையாது. நீலகண்ட சாஸ்திரி, எ. சுப்பராயலு, நொபொரு கராஷிமா போன்றோர் வாசித்தும் விளக்கியும் அச்சிட்டவற்றைத்தான் நான் பயன்படுத்துகிறேன். சீனக் குறிப்புகளையும் மலாய்ப் பழங்கதைகளையும் மொழிபெயர்ப்பின் வழியே படித்தவன். சிங்கப்பூரில் இருப்பதால் எனக்கு இரண்டு வசதிகள் வாய்த்தன. விக்டோரியா தெருவில் உள்ள தேசிய நூலகத்தின் மேற்கோள் பிரிவில் இவை அனைத்தும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. சோழர் கடற்படையெடுப்பைப் பற்றிய விரிவான ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை இங்குள்ள தென்கிழக்காசிய ஆய்வுக் கழகமே 2009இல் வெளியிட்டது. இன்னொரு வசதி, கதை நடக்கும் கடல் வீட்டிலிருந்து பேருந்து தூரத்தில் இருப்பது.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். ‘திருமன்னி வளர’ என்று தொடங்கும் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாட்டு, அவனுடைய வெற்றிகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். ஆட்சியாண்டு கூடக்கூட அதுவும் நீளும். கடாரப் படையெடுப்பைச் சொல்லும் பகுதி அவனுடைய 14ஆம் ஆட்சியாண்டை ஒட்டித் தோன்றுகிறது. 1025 என்னும் ஆண்டுக் கணக்கு அங்கிருந்து வருவது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள கல்வெட்டில் இந்தப் பகுதி முழுமையாக இருக்கிறது. ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’, சங்கிராம விசயோத்துங்க வர்மன் என்னும் கடாரத்து அரசனை அவனுடைய யானைகளோடு அகப்படுத்தியது, அவன் சேர்த்து வைத்திருந்த பெருநிதியைக் கைப்பற்றியது, அவனுடைய நகர வாசலில் நின்ற ‘விச்சாதிரத் தோரணம்’, மணி பதித்த கதவுகள் ஆகியவற்றைக் கொண்டது என்று அது வரிசைப்படுத்துகிறது. பிறகு 13 ஊர்களின் பெயர்கள் வருகின்றன: விசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாப்பப்பாளம், மேவிளிம்பங்கம், வளைப்பந்தூறு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடாரம்.

இந்தப் பெயர்ப்பட்டியலை மெதுவாகப் படித்துப் பார்த்தால் ஒரு செய்தி தெரியும். ஒவ்வோர் ஊருக்கும் முன்னால் ஓர் அடைமொழி இருக்கிறது. பண்ணைக்குத் ‘துறைநீர்ப் பண்ணை’. நக்கவாரத்துக்குத் ‘தேனக்க வார்பொழில்’. கடாரத்துக்குத் ‘தொடுகடல் காவல்’. ஒரு பகுதி எதுகை மோனைக்காக வந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் துறையையும் பொழிலையும் கடற்காவலையும் ஒருவர் வேறுவேறாகச் சொல்கிறார் என்றால், அந்த ஊர்களைப் பார்த்து வந்தவர்களின் வாய்ச்சொல் ஏதோ ஒரு வழியில் புலவருடைய காதுக்கு எட்டியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டாம் பாகத்தில், திரும்பி வந்த மாலுமிகளைப் புலவர் ஒருவர் நாகப்பட்டினத்துச் சத்திரத்தில் உட்கார வைத்து விசாரிக்கும் காட்சி இந்த எண்ணத்திலிருந்து பிறந்தது. காட்சி கற்பனை, அங்கு மாலுமிகள் சொல்லும் அடைமொழிகள் மட்டும் கல்வெட்டில் உள்ளபடியே வருகின்றன.

இந்த 13 பெயர்களும் ஒரே அளவு உறுதியுடன் அடையாளம் காணப்பட்டவை அல்ல. விசயம் என்பது சுமத்ராவின் பாலெம்பாங்கைத் தலைமையாகக் கொண்ட ஸ்ரீவிசயம் என்னும் கடல் வணிக அரசு, கடாரம் என்பது இன்றைய கெடா, இலாமுரி சுமத்ராவின் வடமுனையான ஆச்சே, மாநக்கவாரம் நிக்கோபார், மாதமாலிங்கம் தாய்லாந்தின் நகோன் சி தம்மராட் வட்டாரம், இலங்காசோகம் பட்டாணி வட்டாரம் என்பவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. மலையூர் என்பதைப் பெரும்பாலோர் ஜாம்பி என்கிறார்கள். தக்கோலம் தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள தாக்குவாபாவா அதற்குத் தெற்கே உள்ள வேறொரு துறையா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. மாயிருடிங்கம், மேவிளிம்பங்கம், வளைப்பந்தூறு ஆகிய மூன்றுக்கும் சொல்லப்பட்டிருக்கும் இடங்கள் ஊகங்களே. ஆகவே என் நாவலில் முதல் வகை ஊர்களுக்கு ஆறு, மலை, துறை எல்லாம் வைத்து எழுதினேன். இந்த மூன்று ஊர்களையும் கதைமாந்தர் பேச்சில் பெயரளவில் வரவிட்டதோடு நிறுத்திக்கொண்டேன். அடையாளம் தெரியாத ஊருக்கு நான் ஒரு நிலக்காட்சியைக் கொடுத்துவிட்டால், படிப்பவர் மனத்தில் அதுவே அந்த ஊராக நின்றுவிடும்.

இப்போது நீங்கள் கேட்ட இடத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டியலில் சிங்கப்பூரும் இல்லை, அதன் பழைய பெயரான துமாசிக்கும் இல்லை. பிறகு ஏன் கப்பல்களை இங்கே நிறுத்தினேன் என்றால், வரைபடம் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதுதான் பதில். இலங்காசோகமும் மாதமாலிங்கமும் மலாய்த் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருப்பவை. கடாரமும் தக்கோலமும் மேற்குக் கரை. பாலெம்பாங் தெற்கே, சுமத்ராவில். ஒரே படையெடுப்பில் இத்தனை ஊர்களும் தாக்கப்பட்டன என்றால், கிழக்குக் கரைக்குப் போக இரண்டே வழிகள்தாம் உண்டு. ஒன்று, கடாரத்திலோ தக்கோலத்திலோ இறங்கித் தீபகற்பத்தைத் தரைவழியே குறுக்காகக் கடப்பது. வணிகர்கள் நெடுங்காலமாகச் சரக்கைச் சுமந்து போன வழி அது. மற்றது, பாலெம்பாங்கிலிருந்து வடக்கே வந்து தீபகற்பத்தின் தென்முனையைச் சுற்றிக் கிழக்குக் கடலில் ஏறுவது. இரண்டாவது வழியில் வந்திருந்தால், படை நம்முடைய தீவுக்கு அருகே கடந்து போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

எந்த வழியில் போனார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. ஊர்ப்பெயர்களின் வரிசையே பயணத்தின் வரிசை என்று கொள்வாரும் உண்டு, அதை மறுப்பாரும் உண்டு. நான் கடல்வழியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காற்று ஒரு காரணம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சோழ மண்டலக் கரையிலிருந்து கிழக்கே வருவது எளிது. தென்முனையிலிருந்து பட்டாணியை நோக்கி வடக்கே ஏறுவதற்கும் அதே காற்று உதவும். வடகிழக்குப் பருவம் தொடங்கியபின் வீடு திரும்பலாம். தொலைவைக் கணக்கிட ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி இ-சிங் எழுதி வைத்த குறிப்பு எனக்குப் பெரிய துணையாக இருந்தது. ஸ்ரீவிசயத்திலிருந்து மலையூருக்கு 15 நாள், மலையூரிலிருந்து கடாரத்துக்கு 15 நாள், கடாரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு 30 நாள் என்று அவர் காலத்துப் பயணி ஒருவரின் வழிக்கணக்கு அதில் இருக்கிறது. என் நாவலில் கடற்பயண நாள்கள் எல்லாம் இந்தக் கணக்கை ஒட்டியவை. ஒரு கப்பல் ஐந்து நாளில் வங்கக் கடலைத் தாண்டிவிட்டால் கதை விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடலின் அளவு வாசகர் மனத்தில் பொய்யாகப் பதிந்துவிடும்.

நன்னீர் எடுக்கும் அத்தியாயத்தை எழுதும்போது ஆற்று முகத்தையே பலமுறை சுற்றி வந்தேன். இன்றைக்கு மரினா அணைக்கட்டு வந்து அங்கே நன்னீர்த் தேக்கம் ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் கடல் ஏற்றம் ஆற்றுக்குள் ஏறும், சதுப்புமரக் காடு இருபுறமும் நிற்கும், அள்ளிய நீர் வாயில் வைக்க முடியாத உப்பாக இருக்கும். எனவே மாலுமிகளை ஆற்று முகத்தில் குடம் நனைக்க விடாமல், சிறு படகுகளில் உள்ளே அனுப்பி, இன்றைய ஃபோர்ட் கேனிங் குன்றின் அடிவாரத்து ஊற்றுக்குக் கொண்டுபோனேன். அந்தக் குன்றின் மேற்குப் பக்கத்தில் ஓர் ஊற்று இருந்ததும், பழைய அரசர் காலத்தில் அது பிறர் நெருங்காத நீராடுதுறை என்று மலாய் மக்கள் சொல்லி வந்ததும், பிரிட்டிஷார் வந்த தொடக்க ஆண்டுகளில் கப்பல்களுக்கு அங்கிருந்து குடிநீர் போனதும் பதிவில் உள்ளவை. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்களுக்கு நீர் கொடுத்த ஊற்று 11ஆம் நூற்றாண்டிலும் ஊறியிருக்கும் என்று கொண்டது என் துணிவு. கெப்பல் துறைமுகத்தின் வாயிலில் மாலுமிகளுக்கு அடையாளமாக நின்ற கூர்ம்பாறையை அதே அத்தியாயத்தில் கொண்டு வந்ததும் அப்படித்தான். சீனர்கள் நாகப் பல் வாயில் என்று பொருள்பட அழைத்த அந்தப் பாறையை 1848இல் கப்பல் வழியை அகலப்படுத்துவதற்காகத் தகர்த்துவிட்டார்கள்; லாப்ரடார் பூங்காவில் இப்போது நிற்பது மாதிரி வடிவம்.

இந்த அத்தியாயத்தை எதிர்க்கும் சான்றையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. 1984ஆம் ஆண்டில் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் ஃபோர்ட் கேனிங்கில் அகழாய்வைத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை இந்தத் தீவின் மண்ணில் கிடைத்துள்ள பழைய குடியிருப்பின் தடயங்கள் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இராசேந்திரன் காலத்தில் இங்கே ஒரு துறைமுகம் இருந்தது என்று சொல்லத்தக்க பொருள்கள் வெளிவரவில்லை. ஆகையால் என் நாவலில் தீவில் நகரம் கிடையாது, அரசன் கிடையாது. படகிலேயே வாழும் கடலோடிக் குடும்பங்கள் சில, தொலைவில் நின்று பார்த்துவிட்டு மறைந்து விடுகின்றன. தாக்குவதற்கு இங்கே ஒன்றும் இல்லாத நிலையில், மெய்க்கீர்த்தி பாடிய புலவர் இந்த இடத்தைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் அதில் வியப்பும் இல்லை. ஆனால் குறிப்பிடாமல் விட்டதையே வந்ததற்குச் சான்றாக்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டு பொருள்களைக் காட்டி, சோழர் இங்கே வந்ததற்குச் சான்று இல்லை என்பதை மறுப்பவர்கள் உண்டு. இரண்டுமே மதிக்கத்தக்கவை. முதலாவது, சிங்கப்பூர்க் கல். 1819இல் ஆற்று முகத்தில் காடு வெட்டியபோது மூன்று மீட்டர் உயரமுள்ள மணற்பாறை ஒன்றில் ஏறத்தாழ 50 வரிகள் எழுதியிருப்பதைக் கண்டார்கள். 1843இல் கோட்டைப் பணிக்காக அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சிய ஒரு துண்டு இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதன் எழுத்தைப் பழைய சாவகத்தில், அதாவது ஜாவாவில், வழங்கிய ‘கவி’ என்னும் எழுத்தோடு ஒப்பிடுவோர் பலர். காலத்தை 10ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டு வரை பலவாறு சொல்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஓர் ஆய்வாளர், அந்தத் துண்டில் ‘கேசரிவ’ என்று வாசிக்க இடமிருக்கிறது, அது ‘பரகேசரிவர்மன்’ என்னும் சோழப் பட்டத்தின் ஒரு பகுதியாகலாம் என்று முன்மொழிந்தார். இராசேந்திரன் பரகேசரிப் பட்டம் தாங்கியவன் என்பதால் தமிழ் வாசகர்களிடையே அந்தச் செய்தி மிக வேகமாகப் பரவியது. எனக்கும் உள்ளம் துள்ளியது. ஆயினும் சில எழுத்துகளை வைத்து எழுந்த ஒரு முன்மொழிவு அது. அந்தக் கல்லை முழுதாக வாசித்தவர் எவரும் இல்லை. அறிஞர் உலகம் அதைச் சோதித்து ஏற்கும் வரையில் என் நாவலில் அந்தக் கல்லைச் சோழர் நாட்டியதாக எழுத மாட்டேன்.

இரண்டாவது, செஜாரா மெலாயு என்னும் மலாய் மரபு வரலாறு. 1612ஆம் ஆண்டைத் தாங்கிய முன்னுரையுடன் கிடைக்கும் படியில், கலிங்கத்து அரசன் ஒருவன் சீனத்தை வெல்லப் பெரும்படையுடன் வந்து துமாசிக்கில் தங்கும் கதை இருக்கிறது. படிக்குப் படி அவன் பெயர் சூலான் என்றும் சூரன் என்றும் மாறும். சீன அரசன் ஒரு கப்பலில் துருப்பிடித்த மெல்லிய ஊசிகளையும், காய்த்து நிற்கும் மரங்களையும், பல் விழுந்த கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறான். சீனம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், “நாங்கள் புறப்படும்போது சிறுவர்கள், இந்த ஊசிகள் கை பருமனுள்ள இரும்புக் கம்பிகளாக இருந்தன, இந்த மரங்களை விதையாக நட்டோம்” என்கிறார்கள் கிழவர்கள். அதை நம்பிய அரசன் படையைத் திருப்புகிறான். இதே மரபில்தான் பின்னர் சிங்கப்பூரை நிறுவிய சாங் நீல உத்தமனின் குலம் அந்த அரசனோடு இணைக்கப்படுகிறது.

சூலான் என்ற பெயரில் சோழனின் நினைவு ஒலிக்கிறது என்று பலர் கருதுகிறார்கள், நானும் அப்படியே நம்புகிறேன். இராசேந்திரன் படையெடுத்து ஏறக்குறைய 600 ஆண்டுகள் கழித்து, மலாக்கா அரசர்களின் குலப்பெருமையைச் சொல்வதற்காக எழுதப்பட்ட கதை, கடலுக்கு அடியில் அரசன் கண்ணாடிப் பெட்டியில் இறங்கும் கதையையும் அதே மூச்சில் சொல்கிறது. 1025இல் துமாசிக்கில் யார் நங்கூரமிட்டார்கள் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. இந்த வட்டாரத்து மக்கள் நினைவில் சோழன் ஓர் அச்சத்துக்குரிய, மதிப்புக்குரிய பெயராக நெடுங்காலம் தங்கியிருந்தான் என்பதை எடுக்கலாம். எனக்கு அது போதும். அந்தக் கிழவர்களின் கதையை என் மூன்றாம் பாகத்தில் ஒரு மலாய்ப் பாட்டி தன் பேரனுக்குச் சொல்கிறாள். நடந்த நிகழ்ச்சியாக அது வராது.

படைத்தலைவர் பற்றிக் கேட்டீர்கள். அரசன் கப்பல்களை அனுப்பினான் என்றே மெய்க்கீர்த்தி சொல்கிறது. அவனே கப்பலேறி வந்ததாகவோ, இன்னார் தலைமை ஏற்றார் என்றோ அது சொல்லவில்லை. ஆகவே இராசேந்திரனை நான் கங்கைகொண்ட சோழபுரத்திலேயே இருக்க வைத்தேன். தலைவர் இடம் வெற்றிடமாக இருந்ததால் அங்கே ஒருவரைப் படைத்துக்கொள்ள உரிமை கிடைத்தது. அவருடைய ஊரை மட்டும் நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. தாக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டில் நாங்கூர் உடையான் ஒருவன் குளம் தோண்டியதும், அதற்கு அவனி நாரணம் என்று பெயரிட்டதும், மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரும் சேனாமுகத்தார் என்னும் படையினரும் அதைக் காக்கப் பொறுப்பேற்றதும் இருக்கின்றன. சீர்காழிப் பக்கத்து நாங்கூரிலிருந்து ஒருவன் இராசேந்திரனுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தூரத்துக் கரையில் குளம் வெட்டியிருக்கிறான். அவனுடைய வழிவந்தவர் ஒருவர் பிற்பாடு கப்பற்படையில் இருந்திருக்கலாமே என்ற எண்ணத்தில் பிறந்தவர்தான் என் தலைவர். கப்பல்களின் எண்ணிக்கையையும் எந்தச் சான்றும் தரவில்லை என்பதால் நாவலில் எங்கும் அது வராது. சோழர் போர்க்கப்பல் என்று உறுதியாகச் சொல்லத்தக்க சிதைவு எதுவும் கடலடியில் அகப்படவும் இல்லை. இணையத்தில் வலம் வரும் சோழக் கப்பல் வகைகளின் நீண்ட பெயர்ப்பட்டியல்களை நம்பி எழுதாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் இந்தியப் பெருங்கடல் முறையை மட்டும் விவரித்தேன்.

போர் ஏன் மூண்டது என்பதில் நாவலுக்கு இடம் அதிகம். மெய்க்கீர்த்தி காரணம் சொல்லாது. இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் கொடையாகச் சென்றது. நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் கொண்டுபோகப்பட்டதால் லைடன் செப்பேடுகள் எனப்படுபவை இதைச் சொல்கின்றன. இருபது ஆண்டுக்குள் அந்த நட்பு எப்படிப் போரானது? சீன வணிகத்தின் வழியில் ஸ்ரீவிசயம் சுங்கச்சாவடியாக நின்றது தமிழ் வணிகரைத் துன்புறுத்தியது என்பது பலர் ஒப்பும் விளக்கம். கம்போச (இன்றைய கம்போடியா) அரசன் இராசேந்திரனின் நட்பை வேண்டித் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு குறிப்பதால், அந்த நாட்டின் பகையையும் இதில் சேர்த்துப் பார்ப்பவர் உண்டு. நான் வணிகர் குறையை முதன்மைப்படுத்தினேன். இது என் தேர்வு. இன்னொரு நாவலாசிரியர் கம்போசத் தேரிலிருந்து தொடங்கினால் அவரும் சரியே.

படையெடுப்புக்குப் பின் சோழர் இந்த நாடுகளை ஆண்டார்கள் என்று சிலர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. 1028இலேயே ஸ்ரீவிசயத்திலிருந்து சீனத்துக்குத் தூது போயிருக்கிறது. 1090இல் முதலாம் குலோத்துங்கனிடம் கடாரத்துத் தூதர்கள் வந்து அதே நாகப்பட்டின விகாரத்தின் ஊர்களுக்கு வரிவிலக்குப் பெற்றுப் போனதைச் சிறிய லைடன் செப்பேடு சொல்கிறது. கடல்கடந்து வந்து தங்கியவர்களாக நமக்குத் தடம் காட்டுபவர்கள் வணிகர்களே. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் 1873இல் கண்டெடுத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் கூடி, நகர சேனாபதிகளுக்குச் சொல்லி, கப்பல் தலைவனான மரக்கலநாயனும் கப்பலாட்களான கேவிகளும் கத்தூரி விலையை அளவாகக் கொண்டு பொன் செலுத்த வேண்டும் என்று முடிவெடுத்த செய்தி அதில் இருக்கிறது. கருப்பூரத்துக்குப் பெயர்போன துறை அது. வரிக்கணக்கைத் தமிழில் கல்லில் வெட்டும் அளவுக்கு அங்கே நம்மவர் வேரூன்றியிருந்தார்கள் என்பதுதான் கங்கைகொண்ட சோழபுரத்து வெற்றிப் பாடலைக் காட்டிலும் என்னை ஆழமாகத் தொடுகிறது. இப்போது எழுதிவரும் நான்காம் பாகம் அங்கேதான் நடக்கிறது.

எழுதும்போது நான் கடைப்பிடிக்கும் முறையையும் நீங்கள் அறிந்துகொண்டால் படிக்கும்போது உதவும். கல்வெட்டோ செப்பேடோ சொன்னதற்கு மாறாக ஒரு வரியும் எழுதுவதில்லை. அவை பேசாத இடத்தில் நான் பேசுகிறேன், ஆனால் அந்த இடத்து நிலம், காற்று, காலம் ஆகியவை இடங்கொடுக்கும் அளவுக்கே பேசுகிறேன். ஒவ்வொரு பாகத்தின் பின்னுரையிலும் கற்பனை மாந்தர் யார், ஊகமான காட்சி எது என்று எழுதி வைக்கிறேன். மூன்றாம் பாகத்தின் பின்னுரையில் நன்னீர் அத்தியாயம் ஊகம் என்று குறித்திருக்கிறேன். வாசகர் பலர் கதை முடிந்ததும் நூலை மூடிவிடுவார்கள் என்பது தெரியும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் மகளுக்கு வருவோம். “சோழர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூருக்கு வந்தார்கள்” என்பதற்குப் பதிலாக, “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் சோழர் கப்பற்படை நம் வட்டாரத்துக்கு, மலாக்கா நீரிணைக்கு வந்தது; சிங்கப்பூர் வழியாகவும் போயிருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், சான்று இன்னும் கிடைக்கவில்லை” என்று அவள் சொல்லட்டும். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு ‘போயிருக்கலாம்’ என்பதற்கும் ‘போனது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே புரியும். ஊசிக் கிழவர்களின் கதையையும் சொல்லட்டும், மலாய்க்காரர்கள் நெடுநாள் சொல்லி வந்த கதை என்று சொல்லிவிட்டு. வகுப்பில் அதை விரும்பாத பிள்ளை இருக்க முடியாது. வார இறுதியில் அவளைத் தேசிய அரும்பொருளகத்துக்கு அழைத்துப்போய் அந்தக் கல்துண்டின் முன்னால் நிறுத்துங்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டால், இன்னும் யாரும் முழுதாக வாசிக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆசிரியர் ஆதாரம் கேட்டால் என் நாவலைக் காட்ட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் உள்ள அந்த 13 ஊர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அவற்றுள் கடாரம் இன்றைய கெடா, நம் வீட்டிலிருந்து ஒரு நாளில் காரில் போய்ச் சேரக்கூடிய ஊர் என்பதையும் அவள் சொல்லலாம்.